ராமாயியின் வரிசை மட்டும் நின்றது

வேலையை விட்டுப் போகிறவனிடம் அறிவுரை கேட்பது நல்ல பழக்கமா என்று எனக்குச் சந்தேகம். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். மலைப்பயிர்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் எதையாவது எழுதித் தர வேண்டுமாம். முப்பதைத் தாண்டிய சில வருஷங்களிலேயே ‘முன்னாள்’ ஆகிவிட்டவன் நான். ஒரே நாற்காலியில் உட்காரத் தெரியாதவன். அதனால் இதைப் பெரியவர் வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். குழி எவ்வளவு ஆழம், எரு எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் கையேட்டிலேயே இருக்கும். கையேட்டில் இல்லாத ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த நாள் எனக்கே இன்னும் முழுசாக விளங்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று சொல்லக்கூடாது.

எண்பதுகளின் தொடக்கம். மதுவிலக்கு தளர்ந்திருந்த சமயம். சமவெளியில் சின்னதாக ஒரு பீர் ஆலை தொடங்கியவர்களுக்கு ஹாப்ஸ் வேண்டியிருந்தது. பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற பூ அது, கொடியில் பூக்கும். வெளிநாட்டிலிருந்தோ வடக்கே பனிமலைப் பக்கமிருந்தோதான் வர வேண்டும். கொடைக்கானலில் பழைய பங்களா ஒன்றின் இடிந்த சுவருக்குப் பின்னால், வெள்ளைக்காரர் காலத்தில் யாரோ வைத்த ஹாப்ஸ் கொடி தானாகப் படர்ந்து கிடப்பதை நான்தான் பார்த்தேன். பார்த்த அன்று எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு காலத்தில் இங்கே வளர்ந்திருக்கிறது என்றால் மறுபடியும் ஏன் வளராது? அதன் வேரை வெட்டிப் பதியம் போட்டு, நாற்றாக்கி, வில்பட்டியில் ஒரு காட்டில் நடுவது வரை கொண்டு போய்விட்டேன். மருந்து ஒரு சொட்டும் படக்கூடாது என்பது ஆலைக்காரர்களின் நிபந்தனை. இப்போது அதற்கு இயற்கை விவசாயம் என்று மரியாதையான பெயர் வந்திருக்கிறது. அன்று நாங்கள் அதைச் ‘சாணிச் சோலி’ என்றுதான் சொன்னோம்.

அந்தப் பயிர் இன்று அங்கே இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நம் ஊரில் கோடையிலும் பகல் பெரிதாக நீளுவதில்லை, அதனால் கொடி தோளுயரம் வருமுன்பே பூத்து நின்றுவிடுகிறது என்றார் ஒருவர். சட்டம் மாறி மாறி வந்து ஆலைக்காரர்கள் சலித்துப் போனார்கள் என்றார் இன்னொருவர். இரண்டும் உண்மையாக இருக்கலாம். நான் சொல்ல வந்தது அதற்கெல்லாம் முந்திய கதை.

காடு குருசாமி அண்ணனுடையது. பூண்டும் கொடி பீன்ஸும் போட்டு ஒட்டன்சத்திரம் லாரிக்கு மூட்டை ஏற்றியே காலம் தள்ளியவர். என் பேச்சை நம்பித் தன் நல்ல பீன்ஸ் காட்டை ஒதுக்கித் தந்தார். தைலமரக் கம்பம் நட்டு, மேலே கம்பி இழுத்து, கம்பியிலிருந்து ஒவ்வொரு குழிக்கும் ஒரு கயிறு தொங்கவிட்டோம். தளிர் முழங்கை நீளம் வந்ததும் அதைக் கயிற்றில் சுற்றிவிட வேண்டும். கொடி ஏற்றுவது என்பார்கள். தண்டு பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பாக இருக்கும். ஒருமுறை பிடித்துக்கொண்டால் தானே ஏறிவிடும். அந்த ஊர்ப் பெண்களுக்குக் கொடி ஏற்றுவது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. பீன்ஸில் பிறந்து வளர்ந்த கைகள் அவை. அவர்களுக்குத் தலைமை ஆரோக்கியமேரி அக்கா. நான் சொல்லித் தர ஒன்றுமே இல்லை என்று ஒரு ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

மறுநாள் காலையில் போனால் குருசாமி அண்ணன் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

“வாங்க சார், வந்து கண்கொள்ளாக் காட்சியப் பாருங்க. நேத்து ஏத்துன கொடி பூராம் தரையில கெடக்கு.”

கிடந்தது. யாரோ பொறுமையாக ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்ட மாதிரி. ஒடிக்கவில்லை, கிள்ளவில்லை, அவிழ்த்து மட்டும் போட்டிருந்தார்கள். காற்றாக இருக்கும் என்று மறுபடி ஏற்றினோம். மறுபடி இறங்கியது. வாழைநார் வைத்துக் கட்டினோம். கட்டிய இடத்தில் மட்டும் நின்று, நுனி வெளியே திரும்பிப் போய்க் காற்றில் ஒடிந்து தொங்கியது. அண்ணன் தன் மச்சான்மார் இருவரையும் காவல் போட்டார். ஓர் ஆள் வரவில்லை, ஒரு முயல்கூட வரவில்லை என்று சத்தியம் செய்தார்கள். கொடி என்னவோ இறங்கித்தான் கிடந்தது.

ஊர் சும்மா இருக்குமா? போட்டிக்குப் பீன்ஸ் போடுகிறவன் வேலை என்றார்கள். கஞ்சாவுக்குச் சொந்தக்காரச் செடியாம், போலீஸ்காரர்தான் வந்து பிடுங்குகிறார் என்றார்கள். பீர்ப் பூ வளர்ப்பது பாவம் என்று ஜெபக்கூட்டத்தில் யாரோ சொன்னார்களாம், அந்த ஜெபம்தான் வேலை செய்கிறது என்றார்கள். அதைக் கேட்டு மேரி அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “எங்க ஜெபத்துக்கு அம்புட்டு பவர் இருந்தா, மொதல்ல எங்க வீட்டுக்காரர் குடிய நிறுத்தியிருக்க மாட்டேனா சார்?”

சிரிப்பு அன்றோடு முடிந்தது. ஏனென்றால், ஒரு வரிசை மட்டும் விழவில்லை என்பதை யாரோ கவனித்துவிட்டார்கள்.

ஓடையோரம் கடைசி வரிசை. அது ராமாயி ஏற்றியது. ராமாயி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். கொடைக்கானலுக்கு வெளியே அவர்களுக்கென்று ஒதுக்கிய குடிசைகளில் இருந்தாள். புருஷன் வரவில்லை, அங்கேயே தங்கிவிட்டான். மகள் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தாள். என்னைத் ‘தொரை’ என்று கூப்பிடுவாள். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துவிட்டேன். ஆள் பற்றாக்குறைக்கு அவளைச் சேர்த்துக்கொண்டு, கண்ணில் படாத கடைசி வரிசையைக் கொடுத்திருந்தார்கள். அது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆலைக்காரர் மறுநாள் வந்து காட்டைப் பார்ப்பதாக இருந்தார். கொடி தரையில் கிடந்தால் அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார், அண்ணனுக்கு அந்த வருஷப் பீன்ஸும் போய் இதுவும் போகும். இப்படியிருக்க, அன்று காலையில் பெண்கள் யாரும் காட்டில் இறங்கவில்லை. வரப்பில் வரிசையாக நின்றார்கள். ராமாயி மட்டும் தனியாக, கம்பத்தடியில்.

“சொல்றேன்னு தப்பா நெனைக்காதீக சார்,” என்று மேரி அக்காதான் ஆரம்பித்தாள். “போன வருசம் பீன்ஸ் காட்டுல இந்தச் சிலோன்காரி கை வெச்ச கொடி ஒண்ணும் நிக்கல. நொட்டாங்கைக்காரி. அவ கைக்குக் கொடி ஆகாது. அப்ப இவ கொடி விழுந்துச்சு, எங்க கொடி நின்னுச்சு. இப்ப எங்க கொடி விழுகுது, இவ கொடி நிக்குது. இதுல என்ன சார் புரியலைங்கிறீக?”

கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்கான கணக்கு! நான் கல்லூரியில் படித்த தர்க்கமெல்லாம் அதற்கு முன்னால் வாயடைத்து நின்றது. விடை முழுசும் அந்த நாலு வாக்கியத்திலேயே இருந்தது என்பது இப்போது தெரிகிறது. அப்போது எனக்குக் கேட்டதெல்லாம் குற்றச்சாட்டு மட்டும்தான்.

“ஆளே வரலையே அக்கா, காவல் இருந்தாங்களே,” என்றேன்.

“அதத்தான் சார் நானும் சொல்றேன். ஆளு வராமயே கொடி அவுந்தா அதுக்கு என்ன பேரு?”

பெயரை யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. செய்வினை என்ற பேச்சோடு ஒருத்தி ஒரு காட்டை விட்டு இறங்கினால், வில்பட்டியில் மட்டுமல்ல, சுற்றுப்பட்டு மலையில் எந்தக் காட்டிலும் அவளுக்கு மண்வெட்டி தரமாட்டார்கள்.

ராமாயி என்னைப் பார்த்துச் சொன்னாள். “நான் ஒண்ணும் செய்யல தொரை. செஞ்சிருந்தா என் வரிசையையும் சேத்து அவுத்துப் போட்டிருக்க மாட்டேனா? அம்புட்டு அறிவில்லாதவளா நான்?”

“பாத்தீகளா, அதையும் யோசிச்சு வெச்சிருக்கா!” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

எதைச் சொன்னாலும் அவளுக்கு எதிராகவே திரும்பியது. குருசாமி அண்ணன் என்னைக் கொஞ்சம் தள்ளி இழுத்துப் போனார். கெட்டவர் இல்லை அவர். முகம் வெளிறிப் போயிருந்தது.

“சார், நான் மனசாட்சிக்குப் பயந்தவன். நானா அவளப் போகச் சொல்ல மாட்டேன். நீங்க படிச்சவுக. போகட்டும்னு ஒரு வார்த்தை நீங்க சொன்னா அனுப்பிருவேன். சொல்லலைன்னா இவுக ஒருத்தரும் காட்டுல எறங்கமாட்டாக. நாளைக்கு அந்தாளு வந்து எதப் பாப்பாரு? வெரசா ஒண்ணு சொல்லுங்க.”

நண்பர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வரும். ஒரு பக்கம் முழுக் காடும் ஒரு குடும்பத்தின் வருஷமும் இருக்கும். இன்னொரு பக்கம் ஒரே ஒரு ஆள். அந்த ஆளை அனுப்பினால் பிரச்சினை தீராது என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் சத்தம் தீர்ந்துவிடும். சத்தம் தீர்வதும் பிரச்சினை தீர்வதும் ஒன்றுதான் என்று அந்த நேரத்தில் தோன்றும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ‘கொஞ்ச நாளைக்கு அவங்க வரவேண்டாம்’ என்று நாகரிகமாகச் சொல்ல வார்த்தைகூடத் தயாராக இருந்தது.

“எனக்குத் தெரியல அண்ணே,” என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது.

“படிச்சவுகளே தெரியலன்னா நாங்க எங்கிட்டுப் போக?”

“சாயங்காலம் வரைக்கும் நேரம் குடுங்க.”

நேரத்தைக் கேட்டுவிட்டேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கால் போன போக்கில் காட்டுக்குள் நடந்துகொண்டே ஒன்றைச் சொன்னேன். மேரி அக்கா ராமாயியின் வரிசையில் பாதிக் கொடியை இறக்கி, தன் கையால் மறுபடி ஏற்ற வேண்டும். ராமாயி மேரி அக்காவின் வரிசையில் பாதியை ஏற்ற வேண்டும். பிறகு ஒருவரும் வீட்டுக்குப் போகக்கூடாது, எல்லோரும் வரப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கேட்பதற்குப் பெரிய விஞ்ஞானச் சோதனை மாதிரி இருக்கிறது, இல்லையா? நம்பாதீர்கள். இதில் என்ன தெரியப்போகிறது என்று எனக்கு ஒரு எண்ணமும் இல்லை. இழுத்தடிக்க ஒரு வழி, அவ்வளவுதான்.

ஏற்றினார்கள். உட்கார்ந்தோம். தூக்குவாளியைத் திறந்து அங்கேயே சாப்பிட்டோம். கொடி எல்லாம் சமர்த்தாக நின்றது. மதியம் திரும்பும் நேரம் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. உங்களுக்குத்தான் தெரியுமே அந்த மஞ்சு, கம்பம் தெரியவில்லை, கயிறு தெரியவில்லை, பக்கத்தில் இருப்பவர் முகமே தெரியவில்லை. என் சோதனை கண்ணெதிரே கரைந்தது.

“இப்பப் போயி அவ அவுத்துட்டாள்னா?” என்றது ஒரு குரல்.

“ஏத்தா மேரி,” என்றார் அண்ணன் மஞ்சுக்குள்ளிருந்து. “அவ நொட்டாங்கையப் புடிச்சுக்க. விட்றாத.”

மேரி அக்கா ராமாயியின் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் பொறுத்து மேரி அக்கா கேட்பது காதில் விழுந்தது. “என்னா இது, கை இம்புட்டுக் காப்புக் காச்சிருக்கு?”

“கொழுந்து கிள்ளுன கை. ரெண்டு கையும் அப்பிடித்தான். அந்தக் கையையும் பாக்குறியா?”

“வேணாம் வேணாம், ஒண்ணு போதும்.”

மஞ்சு விலகி வெயில் விழுந்தபோது எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்தோம். மேரி அக்கா ஏற்றிய ராமாயியின் வரிசையில், கொடியின் நுனிகள் கயிற்றை விட்டு வெளியே சாய்ந்து நின்றன. இரண்டு மூன்று சுற்று ஏற்கெனவே பிரிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று நழுவித் தரையில் படுத்தது. ராமாயி ஏற்றியவை, எங்கே ஏற்றியிருந்தாளோ அங்கேயே, கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன. மேரி அக்காவின் கைக்குள் ராமாயியின் மணிக்கட்டு இன்னும் இருந்தது.

அடுத்து நடந்ததைத்தான் என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. யாரும் ராமாயியைப் பார்க்கவில்லை. எல்லாப் பெண்களும் மெதுவாகத் திரும்பி மேரி அக்காவைப் பார்த்தார்கள்.

“ஏ, என்னய எதுக்குடி இப்பிடிப் பாக்குறீக?” அவள் ராமாயியின் மணிக்கட்டைச் சட்டென்று விட்டாள். “சேசுவே! நான் என்ன பண்ணினேன்? ஏங்கைல என்ன இருக்கு?”

பழி நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். காலையில் ஒரு கம்பத்தடியில் நின்றது, இப்போது இன்னொரு ஆளிடம் போய் உட்கார்ந்துகொண்டது. யார் மேலாவது இறங்காமல் அது அடங்காது போலிருந்தது. கை, கை என்று எல்லோரும் கத்திக்கொண்டிருந்ததால்தான் எனக்குக் கையைப் பார்க்கத் தோன்றியது என்று நினைக்கிறேன். “அக்கா, ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கயித்துல ஒவ்வொரு கொடி ஏத்துங்க. மெதுவா,” என்றேன்.

ஏற்றினார்கள். கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தது. மேரி அக்காவின் வலது கை கயிற்றுக்குப் பின்னால் இந்தப் பக்கமாகப் போய் அந்தப் பக்கமாக வந்தது, ராமாயியின் இடது கை அந்தப் பக்கமாகப் போய் இந்தப் பக்கமாக வந்தது. பக்கத்துக் காட்டுக்கு ஓடிப்போய் ஒரு பீன்ஸ் கொடியைப் பார்த்தேன். ஓடி வந்து ராமாயியின் கொடியைப் பார்த்தேன். பீன்ஸ் ஒரு பக்கம் சுற்றுகிறது, ஹாப்ஸ் நேர் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. பீன்ஸுக்குப் பழகிய கை, ஹாப்ஸை அதற்குப் பிடிக்காத பக்கமாகச் சுற்றிவிட்டிருக்கிறது. அது தன் பக்கம் திரும்ப முயன்று தானே அவிழ்ந்துகொண்டது. போன வருஷம் ராமாயியின் கையில் பீன்ஸ் அவிழ்ந்ததும் அதே காரணம்தான்.

இதை நான் விளக்கிய அழகைச் சொல்ல வேண்டும். “கடிகார முள் சுத்துற பக்கம்!” என்று கத்தினேன். குருசாமி அண்ணன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கயிற்றுக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கீழேயிருந்து பார்த்தார். “இப்பிடியா?” பிறகு குனிந்து தரையில் வைத்துப் பார்த்தார். “இல்ல இப்பிடியா? ரெண்டும் வேற வேற பக்கமால்ல இருக்கு?” எனக்கே குழம்பிவிட்டது. மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம், கீழிருந்து பார்த்தால் மறுபக்கம்.

“அண்ணே, கோயில்ல பிரகாரம் சுத்துறப்ப சாமி எந்தக் கைப் பக்கம்?”

“சோத்தாங்கைப் பக்கம்.”

“அதே மாதிரி. கயிறுதான் சாமி. கொடி அதைச் சோத்தாங்கைப் பக்கம் வெச்சுக்கிட்டு நடக்குது.”

“எங்க கோயில்ல சுத்தவே எடமில்லையே சார்,” என்றாள் மேரி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே. “நாங்க நேராப் போயி நேரா வருவோம்.”

அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த வேகத்திலேயே காட்டில் இறங்கினார்கள். பழகிய கை அடிக்கடி பீன்ஸ் பக்கமே போனது. ஒருத்தி தப்பாகச் சுற்றினால் பக்கத்தில் இருப்பவள் “ஏய், சாமி குத்தம்!” என்று கத்துவாள். இருட்டுவதற்குள் முக்கால் காடு ஏறிவிட்டது. மறுநாள் ஆலைக்காரர் வந்தார், நடந்தார், பரவாயில்லை என்றார். ஒரு செடி ஏன் இப்படிச் சுற்றுகிறது, இன்னொன்று ஏன் அப்படிச் சுற்றுகிறது என்று பிறகு எத்தனையோ பேரைக் கேட்டேன். பெயர் சொன்னார்கள், காரணம் சொல்லவில்லை.

பாடம் என்ன என்று கேட்பீர்கள். எல்லாம் விழுந்து ஒன்று மட்டும் நின்றால், அந்த ஒன்று மற்றவற்றுக்கு என்ன செய்தது என்று கேட்காதீர்கள், தனக்கு என்ன செய்துகொண்டது என்று கேளுங்கள். நன்றாக இருக்கிறதா? நானும் சில வருஷம் இதைத்தான் கூட்டங்களில் சொல்லிக்கொண்டிருந்தேன். கைதட்டினார்கள். ஆனால் அந்த நாள் அதோடு முடியவில்லை.

அன்று சாயங்காலம் கொடைக்கானல் பஸ்ஸுக்காக நானும் ராமாயியும் நின்றுகொண்டிருந்தோம். அண்ணன் அவளிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. “நாளைக்கு வெள்ளனே வந்துரு” என்று மட்டும் சொல்லி, ஒரு பை நிறையப் பூண்டு கொடுத்திருந்தார். அதை இடுப்பில் இடுக்கியிருந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. அவள் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

“தொரை, ஒண்ணு கேக்கவா?”

“கேளுங்க.”

“இன்னைக்கிக் கொடி விழுந்துச்சு. நல்லதாப் போச்சு. மஞ்சு விலகாம, வெயில் அடிக்காம, அந்தக்கா ஏத்துனது விழாமயே நின்னிருந்தா?”

“ஏன் விழாது? அதோட பக்கம் அது இல்லையே...”

“அது உங்களுக்கு அப்பறம்தானே தெரியும்? அதுக்கு முன்ன கேக்குறேன். சாயங்காலம் ஆச்சு, கொடி எல்லாம் நிக்கிது, ஒண்ணும் தெரியல. அண்ணே வந்து வெரசாச் சொல்லுங்கன்னு கேக்குறாரு. என்ன சொல்லியிருப்பீக?”

அவள் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. முகத்தில் கோபமே இல்லை. நாளைக்கு இதே காட்டில் வேலை செய்யப் போகிறவள், இந்த ஆளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள். பதிலுக்காக உண்மையாகவே காத்திருந்தாள். அவளை இருக்க வைத்திருப்பேன் என்றும் எனக்குத் தோன்றியது, அனுப்பியிருப்பேன் என்றும் தோன்றியது. இரண்டுமே என் குரலிலேயே கேட்டது.

வளைவில் பஸ் விளக்கு தெரிந்தது. அவள் பூண்டுப் பையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கை நீட்டி நிறுத்தினாள்.

“யோசிங்க தொரை,” என்றாள் படியில் கால் வைத்தபடி. “நாளைக்கும் நான் வருவேன்ல, அப்பச் சொல்லுங்க.”